ஆட்டமும் வேண்டும், ஓட்டமும் வேண்டும்: எங்கே இடிக்கிறது என்று அறிகுறி பார்த்துச் சரிசெய்ய

வாரத்தில் ஐந்தாறு நாள் திட்டம் போட்டு ஓடுகிறவர். அதே ஆள் ஒரு கால்பந்து அணிக்கு மனதை எழுதிக்கொடுத்தவர். அவருக்காக எழுதியது இது. இரண்டில் ஒன்றை விட்டுவிடு என்று சொல்ல ஊரெல்லாம் ஆள் உண்டு. எனக்கும் அந்த யோசனை வருடக்கணக்காகக் கிடைத்து வருகிறது, ஒரு நாளும் உதவியதில்லை. எனவே இங்கே அதை எதிர்பார்க்க வேண்டாம்.

கோளாறுகளை அறிகுறி வாரியாகப் பிரித்திருக்கிறேன். உங்களுடையது எதுவோ அங்கே நேராகப் போய்விடலாம். எல்லாரும் வாசிக்க வேண்டியது அடுத்த பகுதியை மட்டும்தான்.

எதைத் தொடுவதற்கும் முன்னால்

பயிற்சித் திட்டம் ஒரு ஆப்பில், ஃபிக்சர் பட்டியல், அதாவது ஆட்டங்களின் அட்டவணை, இன்னொரு ஆப்பில் இருக்கிறதா? கோளாறின் வேர் பெரும்பாலும் அங்கேதான். ஒன்றையொன்று எட்டிப் பார்க்காத இரண்டு காலண்டர்கள். இரண்டையும் ஒரே பக்கத்தில் ஏற்றிவிட்டுத்தான் மற்ற வேலை.

ஏற்றும்போது ஒரு கணக்கும் போட்டுப் பாருங்கள். 20 அணிகள் ஆடும் லீக்கில் ஒரு அணிக்கு 38 ஆட்டம். ஐரோப்பாவின் பெரிய அணிகள் மோதும் சாம்பியன்ஸ் லீக்கில் இருந்தால், 2024-25 முதல் வந்த புதிய முறைப்படி, குறைந்தது இன்னும் 8. உள்நாட்டுக் கோப்பைகளையும் சேர்த்தால் பெரிய அணிகள் 50-ஐ எளிதில் தாண்டும். இடைவேளை, இஞ்சுரி டைம் எல்லாம் சேர்த்து ஆட்டத்துக்கு இரண்டு மணி நேரம் என்றால் சீசனுக்கு 100 மணி நேரம். 16 வார மராத்தான் திட்டத்தில் வாரம் ஆறேகால் மணி நேரம் ஓடினால் அதுவும் அதே 100 மணி நேரம்தான். ஆனால் சீசன் ஒன்பது பத்து மாதம் நீள்கிறது. வாரத்துக்குப் பிரித்தால் சுமார் இரண்டரை மணி நேரம்தான்.

ஆக, நேரம் போதவில்லை என்று நாம் சொல்வது பாதி சாக்கு. ஆட்டம் திருடுவது நேரத்தை அல்ல, தூக்கத்தை. அதிலும் பெரும்பாலும் மிகக் கடினமான பயிற்சிக்கு முந்தைய ராத்திரித் தூக்கத்தை. அதனால் நான் செய்வது இது: பயிற்சி நோட்டில் தூரம், வேகம், ஹார்ட் ரேட் எழுதும் வரிசையில் 'ஆட்டம்' என்று ஒரு கட்டம் சேர்த்திருக்கிறேன். ராத்திரி ஆட்டம் பார்த்தால் அதையும் ஒரு சுமையாக எழுதுவேன், பக்கத்தில் எத்தனை மணி நேரம் தூங்கினேன் என்பதோடு. நான்கு வாரம் இப்படி எழுதிவிட்டுப் புரட்டிப் பார்த்தால் உங்கள் கோளாறு எது என்று நோட்டே சொல்லிவிடும்.

நீங்கள் இருக்கும் இடத்தில் ஆட்டம் எப்போது விழுகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் விழுந்தால் அது மாலை ஓட்டத்தோடு மோதும். நள்ளிரவில் விழுந்தால் மறுநாள் காலையோடு மோதும். விடியற்காலையில் விழுந்தால் நீங்கள் கொடுத்து வைத்தவர். சீக்கிரம் படுத்து, எழுந்து, பார்த்துவிட்டு அப்படியே ஓடக் கிளம்பலாம். கீழே உள்ளவற்றில் பெரும்பகுதி நள்ளிரவுக்காரர்களின் பாடு.

"மறுநாள் ஈஸி ரன்னே மூச்சு வாங்குகிறது"

ஈஸி ரன் என்றால் பேசிக்கொண்டே ஓடக்கூடிய மெதுவான ஓட்டம். வழக்கமான வேகம்தான், வழக்கமான பாதைதான். ஆனால் வாட்ச்சில் ஹார்ட் ரேட் எட்டுப் பத்து கூடுதலாகக் காட்டுகிறது. கால் கனக்கிறது. முதல் கிலோமீட்டரிலேயே திரும்பிவிடலாமா என்று தோன்றுகிறது.

தூக்கம் குறைந்தது என்பது எல்லாருக்கும் தெரிந்த காரணம். தெரியாதது, எவ்வளவு குறைந்தது என்பது. கடைசி விசில் ஒன்றே முக்காலுக்கு ஊதினால், ஆறு மணிக்கு எழும் நாம் நாலேகால் மணி நேரத் தூக்கம் என்று கணக்குப் போடுவோம். விசில் ஊதிய கையோடு யாரும் தூங்குவதில்லை. நெஞ்சு படபடப்பு அடங்கவே முக்கால் மணி, ஒரு மணி நேரம் ஆகும். சோபாவில் சாய்ந்திருக்கிறோம் என்பது இதயத்துக்குத் தெரியாது. 2006 உலகக் கோப்பையின்போது முனிச் பகுதியில் மருத்துவர்கள் எடுத்த கணக்கு 2008-இல் வெளியானது. ஜெர்மனி ஆடிய நாட்களில் இதயக் கோளாறு என்று அவசர உதவி தேவைப்பட்டவர்கள் வழக்கத்தைப்போல 2.66 மடங்கு. ஏற்கெனவே இதய நோய் இருந்தவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல். நம்மில் பலருக்கு அந்த அளவுக்குப் போகாது. ஆனால் ஆட்டம் பார்ப்பதும் உடம்புக்கு ஒரு வேலைதான் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

2005-இல் இஸ்தான்புல்லில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தில் லிவர்பூல் பாதி நேரத்தில் ஏ.சி.மிலானிடம் 0-3 என்று பின்தங்கி, 54-ஆம் நிமிடத்துக்கும் 60-ஆம் நிமிடத்துக்கும் இடையில் மூன்று கோலையும் திருப்பிப் போட்டு, கடைசியில் பெனால்டியில் ஜெயித்தது. அந்த ராத்திரி, கோப்பையைத் தூக்கியதும் திரும்பிப் படுத்துத் தூங்கிவிட்ட லிவர்பூல் ரசிகர் யாராவது இருந்தால், அவருக்கு நான் சொல்லித்தர ஒன்றுமில்லை.

சரிசெய்ய: விசிலுக்குப் பிறகு ஒரு மணி நேரம் கழித்துத்தான் தூக்கத்தைக் கணக்கிடுங்கள். அந்தக் கணக்கில் ஐந்து மணி நேரத்துக்குக் கீழே வந்தால் காலை ஓட்டத்தை அப்போதே அழித்துவிட்டு, மாலைக்கு மாற்றுங்கள், அல்லது அன்றைக்கு ஓய்வு. ஐந்திலிருந்து ஆறு என்றால் ஓடலாம், வழக்கமான தூரத்தில் மூன்றில் இரண்டு பங்கு போதும், வாட்ச்சைப் பார்க்காமல். ஆறுக்கு மேல் என்றால் திட்டப்படி. இந்த எல்லைகள் என் உடம்புக்கு நான் கண்டுபிடித்தவை, உங்களுடையது அரை மணி முன்பின் இருக்கலாம். முக்கியமானது, அலாரத்தை எத்தனை மணிக்கு வைப்பது என்பதைப் படுக்கும்போதே முடிவு செய்துவிடுவது. காலையில் அரைத் தூக்கத்தில் எடுக்கும் முடிவு எப்போதும் தப்பாகத்தான் இருக்கும்: ஓடக்கூடாத நாளில் வீம்புக்கு ஓடுவோம், ஓட வேண்டிய நாளில் புரண்டு படுப்போம்.

இன்னும் இரண்டு ஓட்டைகளை அடைக்க வேண்டும். ஒன்று, இடைவேளைக் காபி. குடித்த கஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போகவே சுமார் ஐந்து மணி நேரம் பிடிக்கும். ஒரு மணிக்குக் குடித்த காபி, ஆறு மணிக்கும் உள்ளே பாதி இருக்கிறது. கண் விழிக்கத் துணை வேண்டும் என்றால் ஆட்டத்துக்கு முன்னால் மாலையிலேயே ஒன்றரை மணி நேரம் தூங்கி எழுவது அதைவிட நல்லது. இன்னொன்று, விசிலுக்குப் பிறகான அலசல். கோல்களை மறுபடி பார்ப்பது, நிபுணர்கள் கோடு கிழித்து விளக்குவதைப் பார்ப்பது, வாட்ஸ்அப் குழுவில் நடுவரைத் திட்டுவது. எல்லாம் காலையிலும் அங்கேயே இருக்கும். நடுவரும் மாறிவிட மாட்டார்.

தோற்ற ராத்திரியில் எனக்குச் சீக்கிரம் தூக்கம் வருகிறது என்பதையும் நோட்டு காட்டிக்கொடுத்தது. ஜெயித்த ராத்திரிதான் கெடுக்கிறது. சுமாரான அணியை ஆதரிப்பவர்களுக்கு இதில் ஒரு மறைமுக லாபம் உண்டு.

"இன்டர்வல் மூன்றாவது ரிப்பிலேயே படுத்துவிடுகிறது"

இன்டர்வல் என்றால் வேகமாக ஓடி, இளைப்பாறி, மறுபடி வேகமாக ஓடுவது. ஒவ்வொரு வேக ஓட்டமும் ஒரு ரிப். ஆறு முறை 1000 மீட்டர் என்று திட்டம். முதல் இரண்டு கச்சிதமாக வருகிறது. மூன்றாவது எட்டு வினாடி பிந்துகிறது. நான்காவதில் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறீர்கள். அடுத்த வாரம் வேகத்தைக் குறைத்துப் பார்க்கிறீர்கள், அப்போதும் அதே கதை. வேகத்தில் தப்பில்லை. நாளில்தான் தப்பு.

சாம்பியன்ஸ் லீக் ஆட்டங்கள் பெரும்பாலும் செவ்வாயும் புதனும். ஓட்டக் குழுக்கள் பலவற்றில் டிராக் பயிற்சியும் செவ்வாய், புதன், வியாழன் பக்கம்தான். யாரும் திட்டமிட்டுச் செய்த சதி இல்லை. வார இறுதியில் லீக் ஆட்டம், ஆகவே நடுவாரத்தில் ஐரோப்பிய ஆட்டம். வார இறுதியில் நீள ஓட்டம், ஆகவே நடுவாரத்தில் வேகப் பயிற்சி. இரண்டுக்கும் ஒரே தர்க்கம், அதனால் ஒரே இடத்தில் முட்டிக்கொள்கின்றன.

ஒரு புதன்கிழமை காலை என்னோடு ஓடுகிறவன் டிராக் வாசலில் நின்றுகொண்டு கேட்டான்:

"யாருடா ஜெயிச்சா?"

"டிரா. ஜீரோ ஜீரோ."

"அதுக்கா ராத்திரி பூரா முழிச்சிருந்த?"

கோலே விழாத ஆட்டத்தில் இருக்கும் அழகைக் காலை ஐந்தரை மணிக்கு ஷூ லேஸ் கட்டிக்கொண்டே விளக்க முடியாது. அன்றைக்கு மூன்றாவது ரிப்பில் நான் நின்றதும் அவன் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததுதான் வலித்தது.

சரிசெய்ய இரண்டு வழி. நடுவார ஆட்டம் உள்ள வாரங்களில் வேகப் பயிற்சியைத் திங்களுக்கோ வெள்ளிக்கோ தள்ளுங்கள். ஞாயிறு நீள ஓட்டம் ஓடுகிறவருக்குத் திங்கள் ஒத்துவராது. அவருக்கு வெள்ளி, அதற்கேற்றபடி நீள ஓட்டத்தின் வேகத்தை ஒரு படி இறக்கிக்கொள்ள வேண்டும். தனியாக ஓடுகிறவருக்கு இது எளிது. குழுவோடு ஓடுகிறவருக்கு இரண்டாவது வழி: ஆட்டம் நடக்கும் அன்று மாலையே இன்டர்வலை முடித்துவிடுவது. முடித்து, குளித்து, சாப்பிட்டு, ஆட்டத்துக்கு உட்கார்ந்தால் மறுநாள் முழுவதும் ஓய்வு. கடினமான நாளின் வாலிலேயே கடினமான ராத்திரியையும் ஒட்டவைத்துவிடுகிறோம். பயிற்சிக்குப் பிந்தைய தூக்கம் கெடுவதும் நல்லதல்ல, மறுக்கவில்லை. ஆனால் நாலு மணி நேரத் தூக்கத்தில் 1000 மீட்டர்களை இழுத்துக்கொண்டு ஓடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

"நீள ஓட்டம் வாராவாரம் தேய்ந்துகொண்டே வருகிறது"

28 கிலோமீட்டர் போக வேண்டிய இடத்தில் 22. அடுத்த வாரம் 24 என்று போய் 20. ஒவ்வொரு வாரமும் அதற்கு ஒரு நல்ல காரணம் இருக்கும். நோட்டைத் திறந்து, குறைந்த ஞாயிறுகளுக்கு முந்தைய சனி இரவுக் கட்டத்தைப் பாருங்கள்.

இதற்கு அட்டவணையைத் திருப்பிப் போட்டெல்லாம் பலனில்லை, ஆட்டங்களைத்தான் தரம் பிரிக்க வேண்டும். நான் மூன்றாகப் பிரிக்கிறேன். முதல் தரம், என்ன ஆனாலும் நேரலையில் பார்ப்பது: பரம எதிரியோடு ஆடும் இரண்டு லீக் ஆட்டங்கள், நாக் அவுட்கள், பட்டத்தைத் தீர்மானிக்கும் கடைசி வாரங்கள். சீசனுக்குப் பன்னிரண்டு தாண்டக்கூடாது. இரண்டாம் தரம், ஸ்கோர் தெரியாமல் காத்திருந்து காலையில் ஓடி முடித்தபின் முழுசாகப் பார்ப்பது. மூன்றாம் தரம், பத்து நிமிட ஹைலைட்ஸ். ஃபிக்சர் வெளியான அன்றே இதைப் பென்சிலால் குறித்துவிடுங்கள். பேனா வேண்டாம், ஒளிபரப்புக்காகத் தேதியையும் நேரத்தையும் மாற்றிக்கொண்டே இருப்பார்கள். மாதம் ஒருமுறை மறுபடி சரிபார்க்க வேண்டும்.

தரம் பிரிப்பது முதல் தடவை துரோகம் மாதிரி இருக்கும். எதிரணி பட்டியலில் கடைசி இடத்தில் இருந்தால் மட்டும் பார்க்காமல் விடுவது என்ன ரசனை என்று மனசாட்சி கேட்கும். கேட்கட்டும். 38 ஆட்டத்தையும் ஒரே மதிப்பில் பார்க்கிறேன் என்பவர், போன சீசனில் அக்டோபர் மூன்றாம் வாரம் யாரோடு ஆடினோம் என்று சட்டென்று சொல்லட்டும் பார்க்கலாம்.

நீள ஓட்டத்தைக் காலையில் பாதி, ஆட்டம் முடிந்து மாலையில் பாதி என்று வெட்டி ஒட்டுகிறவர்களும் உண்டு. எப்போதாவது ஒரு வாரம் சரி. பழக்கமாக்கினால், 30 கிலோமீட்டருக்குப் பிறகு களைத்த காலோடு ஓடிப் பழகுவது என்ற அந்தப் பயிற்சியின் நோக்கமே போய்விடும்.

"இரண்டையும் செய்கிறேன், இரண்டிலும் மனம் ஒட்டவில்லை"

2019 மே 7. முதல் ஆட்டத்தில் பார்சிலோனாவிடம் 0-3 தோற்றிருந்த லிவர்பூல், சொந்த மைதானத்தில் 3-0 என்று சமன் செய்து நின்றது. மறுநாள் காலை எனக்கு ஓட்டம். நேரத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று, ஷூவில் லேஸ் மாற்றிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தேன். 79-ஆம் நிமிடம். கார்னர் கிக். பந்தை வைத்துவிட்டு லிவர்பூலின் அலெக்சாண்டர்-ஆர்னால்டு நகர்ந்து போவதைப் பார்த்தேன். சரி, இன்னும் நேரம் இருக்கிறது என்று குனிந்து லேஸின் நுனியைத் துளையில் நுழைத்தேன். அந்த நொடியில் அவர் திரும்பி வந்து அடித்துவிட்டார், அவருடைய சக ஆட்டக்காரர் ஒரிகி உள்ளே தள்ளிவிட்டார். 4-0. பார்சிலோனாவின் தடுப்பாட்டக்காரர்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும்தான். அவர்களுக்காவது எதிரணி ஏமாற்றியது என்று சொல்லிக்கொள்ள வழி இருந்தது.

சரிசெய்ய: உடை, ஷூ, தண்ணீர் பாட்டில், வாட்ச் சார்ஜ் எல்லாம் கிக் ஆஃபுக்கு முன்பே வாசல் பக்கம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அதன்பின் ஆட்டம் மட்டும்தான். நேரலையில் பார்ப்பதென்று ஒரு ராத்திரித் தூக்கத்தை விலையாகக் கொடுத்த பிறகு, பாதி கண்ணால் பார்ப்பது நஷ்டக் கணக்கு.

"வர்ணனை கேட்டுக்கொண்டே ஓடினால் வேகம் கைமீறுகிறது"

ஈஸி ரன் போகவே கூடாத வேகத்தில் போயிருக்கும். வாட்ச் வரைபடத்தில் கூர்கூராக நாலைந்து மலை உச்சிகள். ஒவ்வொன்றும் ஒரு கோல் வாய்ப்பு. வானொலி வர்ணனையாளர்களுக்கு நடுக்கோட்டைத் தாண்டிய எல்லாப் பந்தும் கோல்தான். நம் கால் அதை நம்பிவிடுகிறது.

ஹார்ட் ரேட்டுக்கு வாட்ச்சில் மேல் எல்லை வைத்து, தாண்டினால் அதிரும்படி செய்துகொள்ளுங்கள். வாட்ச் இல்லையென்றால் நடக்கிறதை வாய்விட்டு நீங்களே ஒரு முழு வாக்கியமாகச் சொல்லிப் பாருங்கள். மூச்சு இடையில் அறுந்தால் வேகம் அதிகம். தெருவில் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்பது தனிப் பிரச்சினை. ஒரு காதை எப்போதும் சாலைக்கு விட்டுவைக்க வேண்டும். பெனால்டி ஷூட் அவுட் வந்தால் ஓரமாக நின்றுவிடுங்கள், அதில் வெட்கமில்லை.

அல்லது கோளாறையே பயிற்சியாக மாற்றலாம். 1930-களில் சுவீடன் பயிற்சியாளர் யோஸ்டா ஹோல்மேர் உருவாக்கிய ஃபார்ட்லெக் முறைக்கு 'வேக விளையாட்டு' என்றுதான் பொருள்: கடிகாரத்தை விட்டுவிட்டு, மனம் போனபடி வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஓடுவது. நம் அணி எதிரணியின் பாதியில் பந்தோடு இருக்கும்வரை வேகம், பந்து போனால் மெதுவாக. வாரத்தில் ஒருநாள் இதை வேகப் பயிற்சியாகவே கணக்கில் வையுங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: பந்தை விட்டே கொடுக்காத அணியை ஆதரிப்பவர்கள் செத்தார்கள்.

"ட்ரெட்மில்லில் பார்க்கலாம் என்று போய் விபத்து"

92-ஆம் நிமிடம், எங்கள் அணி கோல். இரண்டு கையையும் தூக்கிவிட்டேன். பெல்ட்டுக்கு அந்த மகிழ்ச்சி தெரியாதே, அது பாட்டுக்கு ஓடியது. பனியனில் மாட்டியிருந்த பாதுகாப்புக் கயிறு இழுபட்டு இயந்திரம் நின்றதால் முன்கையில் சிராய்ப்போடு போயிற்று. எழுந்து பார்த்தால் அந்தக் கோலை வி.ஏ.ஆர். (வீடியோ பார்த்துத் தீர்ப்பைச் சரிபார்க்கும் நடுவர் முறை) ஆஃப்சைடு என்று ரத்து செய்திருந்தது.

கயிறு இல்லாமல் ஏறாதீர்கள். திரை கண் மட்டத்தில் இருக்கட்டும், அண்ணாந்து 45 நிமிடம் ஓடினால் கழுத்து பிடித்துக்கொள்ளும். வெளியில் இருக்கும் காற்றுத் தடைக்கு ஈடாக 1 சதவீதம் சாய்வு வைப்பது வழக்கம். மெதுவான ஓட்டத்துக்கு அது இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ட்ரெட்மில்லோடு ஈஸி ரன் மட்டும், இரண்டாம் தர ஆட்டம் மட்டும். முதல் தர ஆட்டத்தை ஓடும் பெல்ட்டின் மேல் நின்று பார்ப்பது முட்டாள்தனம் என்று சிராய்ப்புத் தழும்போடு சொல்கிறேன்.

"ஓடிவிட்டு ஆட்டம் பார்த்து எழுந்தால் கால் மரக்கட்டை"

காலையில் நீள ஓட்டம், மதியம் சோபாவில் அசையாமல் இரண்டு மணி நேரம். கெண்டைக்காலும் இடுப்பும் இறுகிப்போகின்றன. தரையில் உட்காருங்கள், நிலையை மாற்றிக்கொண்டே இருங்கள், 15 நிமிட இடைவேளையில் விளம்பரம் பார்க்காமல் நடங்கள்.

குதிகால் தசைநாண் வலி உள்ளவர்களுக்கு இடைவேளை ஒரு வரம். 1998-இல் ஸ்வீடன் மருத்துவர் ஆல்ஃபிரட்சன் வெளியிட்ட முறை இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது: படிக்கட்டு விளிம்பில் முன்பாதத்தை வைத்து, வலிக்கும் காலின் குதிகாலை மெதுவாகக் கீழே இறக்குவது. மேலே ஏற மற்றக் காலை உபயோகிக்க வேண்டும். முழங்கால் நேராக 15 முறை வீதம் மூன்று சுற்று, சற்று மடக்கியும் அதேபோல் மூன்று சுற்று. நாளைக்கு இரண்டு தடவை, 12 வாரம். 12 வாரம் விடாமல் செய்வதில்தான் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள். இடைவேளையோடு முடிச்சுப் போட்டுக்கொண்டால், ஆட்டம் உள்ள நாளிலாவது தப்பாது. வலி குறையாமல் கூடிக்கொண்டே போனால் இயன்முறை மருத்துவரிடம் காட்டுங்கள்.

"பார்ப்பதற்குள் ஸ்கோர் தெரிந்துவிடுகிறது"

இரண்டாம் தர ஆட்டங்களுக்கு இதுதான் எமன். ஆட்டத்தை எடுத்துவைத்துவிட்டு, போனை வீட்டிலேயே விட்டுவிட்டு, பெருமையாக ஓடக் கிளம்பினேன். 11-ஆவது கிலோமீட்டரில் மணிக்கட்டு அதிர்ந்தது. கிலோமீட்டர் வேகம் காட்டுகிறது என்று பார்த்தால், 'ஆட்டம் முடிந்தது: 1-3'. வாட்ச்சுக்குத் தனி சிம் என்பதை மறந்துபோனேன். மீதி 13 கிலோமீட்டர் நீளமாக இருந்தது.

போனில், வாட்ச்சில், டேப்லெட்டில் மூன்றிலும் தனித்தனியாக ஸ்கோர் ஆப்பின் அறிவிப்பை நிறுத்துங்கள். குழு அரட்டையை முதல் நாள் மாலையே மியூட் செய்யுங்கள். வீடியோ ஆப்பைத் திறந்ததும் முகப்பிலேயே கோல் போட்டவர் படம் கைவிரித்து நிற்கும், ஆகவே தேடலுக்குப் போகாமல் நேராக அந்த ஆட்டத்துக்கே போகும் இணைப்பை முன்கூட்டியே சேமியுங்கள். மீதி வீடியோ எவ்வளவு நீளம் என்பதைக்கூடப் பார்க்காதீர்கள். மூன்று மணி நேரம் காட்டினால் எக்ஸ்ட்ரா டைம் என்று தெரிந்துபோகும். கூட ஓடுகிறவர்களிடம் முன்பே சொல்லிவையுங்கள். சொன்னால் சிரித்துக்கொண்டே "நான் எதுவும் சொல்லலப்பா" என்பார்கள். அந்தச் சிரிப்பிலேயே முடிவு தெரிந்துவிடும். அதற்கு மருந்தில்லை.

"வீட்டில் யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை"

வாரம் ஏழு மணி நேர ஓட்டத்தையும் இரண்டு மூன்று ஆட்டத்தையும் நீங்கள் தனித்தனியாக எண்ணுகிறீர்கள். வீட்டில் கூட்டித்தான் எண்ணுகிறார்கள். முதல் தரப் பட்டியலைச் சமையலறைக் காலண்டரிலும் எழுதிவையுங்கள், மீதியை விட்டுக்கொடுங்கள்.

"உலகக் கோப்பை மாதத்தில் எல்லாமே சரிந்துவிட்டது"

2022-இல் 32 அணிகள், 64 ஆட்டம். 2026-இல் 48 அணிகள், 104 ஆட்டம், ஜூன் 11 முதல் ஜூலை 19 வரை 39 நாள். குழு ஆட்டங்கள் மட்டுமே 72. எல்லாவற்றையும் பார்ப்பதென்றால் 200 மணி நேரத்துக்கு மேல், அதாவது நாளுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல். வேலைக்கும் போய்க்கொண்டு இதற்கு நடுவே மராத்தான் பயிற்சியின் உச்ச வாரங்களை வைத்தால், சரிந்தது உங்கள் மனவலிமை அல்ல, உங்கள் கணக்கு.

இப்படிப்பட்ட மாதங்கள் வெகு முன்பே தேதியோடு தெரிபவை. அந்த மாதத்தை அடித்தளம் கட்டும் காலமாக வையுங்கள்: ஈஸி ரன்கள், வழக்கமான தூரத்தில் முக்கால் பங்கு, கொஞ்சம் தசை வலுப் பயிற்சி, வேகப் பயிற்சி வாரத்தில் ஒன்றோ அதுவும் இல்லையோ. பந்தயத்தை இறுதி ஆட்டத்திலிருந்து குறைந்தது 12 வாரம் தள்ளிப் பதிவு செய்யுங்கள். குழுச் சுற்றில் உங்கள் அணியைத் தவிர ஒரு நாளைக்கு ஒரு ஆட்டம் போதும். நாக் அவுட் தொடங்கியதும் தாராளமாக இருங்கள், அதற்காகத்தானே முன்னால் சிக்கனம் பிடித்தோம்.

"இரண்டாம் பாதியில் தூங்கிவிடுகிறேன்"

இதுவரை சொன்னதெல்லாம் ஆட்டம் ஓட்டத்தைக் கெடுக்கும் கதை. இது தலைகீழ். மாலை ஆறு மணி ஆட்டத்தில், அதுவும் விருப்பமான அணி ஆடும்போது, 60-ஆம் நிமிடத்தில் கண் சொருகுகிறது என்றால் சந்தேகப்பட வேண்டியது பயிற்சியை. எழுந்ததும் பார்க்கும் ஹார்ட் ரேட் சில நாட்களாகவே உயர்ந்திருக்கிறதா, பசி குறைந்திருக்கிறதா, சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிச்சல் வருகிறதா என்று பாருங்கள். இரண்டு மூன்று சேர்ந்து இருந்தால் தூரத்தை அவசரமாக ஏற்றியிருக்கிறீர்கள்.

பெரும்பாலான திட்டங்களில் மூன்று வாரம் ஏற்றி நான்காவது வாரம் இறக்குவார்கள். அந்த இறக்கும் வாரம் எதுவாக இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. ஒரு வாரம் முன்போ பின்போ நகர்த்தி, பெரிய ஆட்டங்கள் குவியும் வாரத்தோடு பொருத்துங்கள். இந்தக் கையேட்டிலேயே எனக்கு அதிகம் பயன்பட்டது இந்த ஒரு மாற்றம்தான். காலிறுதி இரண்டு ஆட்டமும் லீக்கில் ஒரு பெரிய மோதலும் எட்டு நாளுக்குள் அடுத்தடுத்து வந்தபோது ஓட்டம் பாதியாக இருந்தது. மூன்றையும் கண் கொட்டாமல் பார்த்தேன், அடுத்த திங்கள் கால் புதுசாக இருந்தது.

"பந்தயத்துக்கு முந்தைய ராத்திரி இறுதி ஆட்டம்"

முதலில் ஓட்டக்காரர்கள் வழிவழியாகச் சொல்வதை நினைவில் வையுங்கள்: பந்தயத்துக்கு முந்தைய ராத்திரியைவிட அதற்கும் முந்தைய ராத்திரித் தூக்கம் முக்கியம். முந்தைய ராத்திரி பதற்றத்தில் எப்படியும் பலர் சரியாகத் தூங்குவதில்லை, அப்படியும் நன்றாக ஓடுகிறார்கள். எனவே அந்த வாரம் திங்கள் முதலே தினமும் அரை மணி முன்னால் படுத்துத் தூக்கத்தைச் சேர்த்து வையுங்கள்.

பிறகு முடிவு: முழுசாகப் பார்ப்பதா, பார்க்கவே போவதில்லையா. நடுவில் ஒரு வழி கிடையாது. "முதல் பாதி மட்டும்" என்று உட்கார்ந்தவர் யாரும் எழுந்ததாகச் சரித்திரம் இல்லை. 90 நிமிடம் என்று நம்பியும் உட்காராதீர்கள். 2022 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் அர்ஜென்டினா 80-ஆம் நிமிடம் வரை 2-0 என்று முன்னிலையில் இருந்தது. பிரான்சின் எம்பாப்பே இரண்டே நிமிடத்துக்குள் இரண்டு கோல் போட்டார், எக்ஸ்ட்ரா டைமில் 3-3, அப்புறம் பெனால்டி. 79-ஆம் நிமிடத்தில் "முடிந்தது, படுக்கலாம்" என்று டிவியை அணைத்தவர்களை எனக்குத் தெரியும்.

விசில் ஊதவேண்டிய நேரத்தோடு ஒரு மணி நேரத்தைக் கூட்டுங்கள். அங்கிருந்து பந்தய அலாரம் வரை ஐந்தரை மணி நேரம் இருந்தால் பாருங்கள். இல்லையென்றால் பந்தய எண் அட்டையை ஆடையில் குத்திவைத்துவிட்டு, போனை வேறு அறையில் சார்ஜுக்குப் போட்டுவிட்டுப் படுங்கள். கிளம்பும் இடத்தில் யார் கேட்டாலும் காதைப் பொத்திக்கொள்ளுங்கள். 42.195 கிலோமீட்டர் முடித்து, காலை நீட்டி உட்கார்ந்து, யார் ஜெயித்தார்கள் என்று தெரியாமல் பார்க்க ஒரு இறுதி ஆட்டம் அப்படியே காத்திருக்கும். பாதையோரத்தில் கைதட்டிக்கொண்டு ஜெயித்த அணியின் ஜெர்சியில் நிற்கும் அந்த ஒரு ஆள் கண்ணில் படாதவரை.